டோங்காரிரோவைக் கடப்பது: எரிமலைகளுக்கு நடுவே ஒரு பகல் நடைக்கான முழு வழிகாட்டி

நியூசிலாந்தின் வடதீவுக்கு நட்டநடுவில் மூன்று எரிமலைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ருவாபெஹு 2,797 மீட்டர், நௌருஹோயே 2,287 மீட்டர், டோங்காரிரோ 1,967 மீட்டர். மூன்றுக்குமே இன்னும் உயிர் இருக்கிறது. பின்னிரண்டுக்கும் இடையே ஏறி, டோங்காரிரோவின் தோளைத் தாண்டி, வடக்கே இறங்கும் சுமார் 20 கிலோமீட்டர் பாதைக்குப் பெயர் டோங்காரிரோ ஆல்பைன் கிராஸிங். காலையில் கிளம்பினால் மாலைக்குள் முடித்துவிடலாம். கயிறு வேண்டாம், கூடாரம் வேண்டாம், உச்சியில் மூச்சு முட்டும் உயரமும் இல்லை.

அதனால்தான் பலர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே வருடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடந்த பாதை இது. டிராக் பேன்ட்டும் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலுமாக வருபவர்களையும் பார்க்கலாம். ஏற்றத்துக்குப் பயந்து தயாராகிறவர்கள்கூட இந்த நடையில் ஆளைச் சாய்க்கிற இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறார்கள்: ஒன்று காற்று, இன்னொன்று இறக்கம். இந்த வழிகாட்டியில் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு நாள் நடைக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள்

நான் முதல் தடவை போனபோது பயணத் திட்டத்தில் இதற்கு ஒரே ஒரு நாள்தான் வைத்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலம், நடக்க வருபவர்களை ஏற்றிச்செல்லும் ஷட்டில் வண்டி நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: நாளைக்கு மலைமேல் பலத்த காற்று, வண்டி இல்லை. மறுநாள் காலை கீழே வெயில் பளீரென்று அடித்தது. எனக்குச் சுள்ளென்று கோபம். மேலே பார்த்தால் நௌருஹோயேவின் முனையிலிருந்து மேகம் கிழிந்த துணி மாதிரி பறந்துகொண்டிருந்தது. அடுத்த ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, கிளம்பிவிட்டேன். அதே வண்டி மறுநாள் ஓடியது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆக, நேஷனல் பார்க் வில்லேஜ், ஃபாகாபாபா, டூராங்கி, டௌபோ ஆகியவற்றில் ஓர் ஊரில் இரண்டு மூன்று நாள் தங்கும்படி திட்டம் போடுங்கள். முதல் நல்ல நாளில் நடந்துவிடுங்கள். ‘நாளைக்கு இன்னும் நன்றாக இருக்கும்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

பருவம் எதுவென்றால், அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. அங்கே டிசம்பர், ஜனவரிதான் கோடை. இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலே பனிக்கட்டி, பனிச்சரிவு அபாயமும் உண்டு. கிராம்பானும் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முள்) ஐஸ் கோடரியும் பயன்படுத்திப் பழகாதவர்கள் அப்போது வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. கோடையிலும் பனி விழும் என்பதை நினைவில் வையுங்கள்.

காற்றைப் படிப்பது எப்படி

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மரபில் டோங்காரிரோ என்ற பெயருக்கே குளிர்காற்றோடு சம்பந்தம் உண்டு. ‘டோங்கா’ என்றால் தென்றிசைக் குளிர்காற்று, ‘ரிரோ’ என்றால் அடித்துச் செல்லப்படுவது. நாடொரோஇராங்கி என்ற மூதாதை இந்த மலையின் மேல் குளிரில் விறைத்துச் சாகக் கிடந்தாராம். தொலைதூரத் தாயகமான ஹவாய்கியில் இருந்த தன் சகோதரிகளைக் கூப்பிட்டு நெருப்பு அனுப்பச் சொன்னாராம். அந்த நெருப்பு பூமிக்கடியில் ஓடிவந்து இங்கே வெளிப்பட்டதுதான் எரிமலை என்பது கதை. எரிமலையில் ஒருவர் குளிரால் சாகக் கிடந்தார் என்பது முரணாகத் தெரிந்தால், நீங்கள் இன்னும் பாதையின் உச்சியான ரெட் கிரேட்டர் முகட்டில் நின்றதில்லை என்று அர்த்தம்.

கணக்கு இதுதான். நடை தொடங்கும் கார் நிறுத்தம் சுமார் 1,120 மீட்டர் உயரத்தில், பாதையின் உச்சி சுமார் 1,870 மீட்டரில். அந்த 750 மீட்டருக்கே ஏறத்தாழ 5 டிகிரி குறைந்துவிடும். கீழே 10 டிகிரி என்றால் மேலே 5. அதோடு மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று சேர்ந்தால் உடம்புக்கு உறைப்பது மைனஸ் 1 போல. உடை நனைந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, உடம்புச்சூடு மளமளவென்று இறங்கும்.

அதனால் செல்பேசியின் வானிலைச் செயலியில் ஊர்ப் பெயரைப் போட்டுப் பார்த்துப் பயனில்லை. மெட்சர்வீஸ், டோங்காரிரோ தேசியப் பூங்காவுக்கென்று தனியாக மலை வானிலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் மழையைவிட முதலில் காற்றின் வேகத்தைப் பாருங்கள். முகட்டில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் என்றிருந்தால் நான் கிளம்ப மாட்டேன். இது என் சொந்த வரம்பு. உடல் எடை குறைந்தவர்களும் முதல்முறை நடப்பவர்களும் இதைவிடக் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம், ஷட்டில்காரர் வண்டியை ரத்துசெய்தால் அவரோடு வாதாடாமல் வேறு நாள் கேளுங்கள். அவர் வண்டியை ஓட்டுகிறார் என்பதற்காக வானிலை உங்களுக்கு ஏற்றது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

எரிமலையின் மனநிலையையும் பார்த்தாக வேண்டும். எரிமலைகளைக் கண்காணிக்கும் ஜியோநெட் அமைப்பு ஒவ்வொரு எரிமலைக்கும் 0 முதல் 5 வரை எச்சரிக்கை நிலை அறிவிக்கிறது. 3 முதல் மேலே போனால் வெடிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று முந்தின இரவும் அன்று காலையும் பாருங்கள். அங்கேயே இலவசமாக முன்பதிவும் செய்துகொள்ளலாம்.

வண்டி ஏற்பாடு

கோடைப் பருவத்தில், நடை தொடங்கும் மங்காடெபோபோ கார் நிறுத்தத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வண்டியை விட முடியாது. நடையோ ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். தவிரவும் தொடங்கும் இடம் வேறு, முடியும் இடம் வேறு. எனவே ஷட்டில் தவிர்க்க முடியாதது.

ஷட்டிலில் இரண்டு வகை. தங்குமிடத்திலிருந்து கூட்டிப்போய், மறுமுனையில் குறிப்பிட்ட நேரத்துக்கு வந்து ஏற்றிக்கொள்வது ஒன்று. நடை முடியும் கேடெடாஹி முனைப் பக்கம் உங்கள் காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து தொடக்கத்துக்கு ஷட்டிலில் போய், நடந்து முடித்து உங்கள் காருக்கே வந்து சேர்வது இன்னொன்று. கார் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். கடைசி வண்டி போய்விடுமோ என்ற பயத்தில்தான் பலர் இறக்கத்தில் ஓடுகிறார்கள், ஓடுபவர்கள்தான் கணுக்காலை மடக்கிக்கொள்கிறார்கள்.

எந்தத் திசையில் நடப்பது என்று யோசிக்கவே வேண்டாம். மங்காடெபோபோவிலிருந்து கேடெடாஹிக்கு. கேடெடாஹி சுமார் 760 மீட்டரில்தான் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கினால் 350 மீட்டருக்கும் மேல் கூடுதலாக ஏற வேண்டும்.

பையில் என்ன

30 லிட்டர் பை தாராளம். மலையில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஓடைகளில் எரிமலைக் கனிமங்கள் கரைந்திருப்பதால் குடிக்க உதவாது. ஆளுக்கு 2 முதல் 3 லிட்டர் சுமந்தே ஆக வேண்டும்.

உடையில் ஒரே விதி: பருத்தி கூடாது. ஜீன்ஸ் கூடவே கூடாது. இரண்டாம் தடவை போனபோது, கால்சட்டைதானே என்று ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனேன். ஒரு மணி நேரத் தூறலில் அது ஈரச் சாக்கு மாதிரி முழங்காலில் ஒட்டிக்கொண்டு, நாள் முழுக்கக் காயவில்லை. உள்ளே மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை பனியன், நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், அதேபோல் மழைக்கால்சட்டை. மங்கி குல்லாவும் கையுறையும் ஜனவரியிலும் வேண்டும். வெயில் நாளென்றால் சன்ஸ்க்ரீன், கூலிங் கிளாஸ். நியூசிலாந்து வெயிலில் புற ஊதாக் கதிர் கடுமை, பாதையின் பெரும்பகுதியில் மருந்துக்கும் நிழல் கிடையாது.

கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ், ஏற்கெனவே காலுக்குப் பழகியதாக இருக்கட்டும். ஒரு ஜோடி ட்ரெக்கிங் போல் (ஊன்றுகோல்). ஹெட்லாம்ப், முதலுதவிப் பொட்டலம், முழு நாளைக்குச் சாப்பாடு, குப்பைக்கு ஒரு பை, கழிவறைக் காகிதம். செல்பேசிக் கோபுரம் வழி முழுக்க எட்டாது. தனியாகப் போகிறவர்கள் 406 மெகாஹெர்ட்ஸில் அவசர சமிக்ஞை அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். எங்காவது சிக்னல் கிடைத்தால் அவசர எண் 111.

வெளிநாட்டிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு ஒன்று. பூட்ஸின் அடியில் இருக்கும் மண்ணை வீட்டிலேயே பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். விமான நிலையத்தில் பயன்படுத்திய மலையேற்றச் சாமான் இருப்பதை அறிவிக்க வேண்டும். ஆபத்தான பொருளை அறிவிக்காமல் மாட்டினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

முதல் பகுதி: மங்காடெபோபோவிலிருந்து சோடா ஸ்பிரிங்ஸ்

கார் நிறுத்தத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு நடையைத் தொடங்குங்கள். பிறகு அங்கங்கே ஒன்றிரண்டுதான், வரிசையும் நீளம்.

ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஏறத்தாழச் சமதளம், பாதி தூரம் மரப்பலகைப் பாதை. இரண்டு பக்கமும் புல் புதர், நடுவில் ஊதாப் பூ பூத்த ஹெதர் செடி. அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது இந்த மண்ணின் செடி அல்ல. வேட்டைப் பறவைகளுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்து விதைத்தார்கள். பறவை பிழைக்கவில்லை, செடி பூங்கா முழுக்கப் பரவிவிட்டது.

இந்தப் பள்ளத்தாக்கில் எரிமலையின் வயதைக் கண்ணாலேயே படிக்கலாம். நௌருஹோயேவிலிருந்து 1870, 1949, 1954 ஆகிய ஆண்டுகளில் வழிந்த எரிமலைக் குழம்பு இங்கேதான் இறுகிக் கிடக்கிறது. பழைய பாறையில் பாசியும் செடியும் பிடித்துச் சாம்பலாகத் தெரியும். 1954இன் பாறை இன்னும் கரிக்கட்டை நிறம், ஓரம் கண்ணாடிச் சில் மாதிரி கூர்மை. கையை ஊன்றி உட்காரும்போது பார்த்து ஊன்றுங்கள்.

எல்லாரும் புதுத்தெம்பில் வேகமாகப் போவார்கள். நீங்கள் பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் போங்கள்.

டெவில்ஸ் ஸ்டேர்கேஸ்

பெயர்தான் பயமுறுத்தும். சோடா ஸ்பிரிங்ஸிலிருந்து சவுத் கிரேட்டர் வரை சுமார் 200 மீட்டர் ஏற்றம், பெரும்பாலும் படிகள், 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். ஏறத் தொடங்குமுன் ஃப்ளீஸைக் கழற்றிப் பையில் வையுங்கள். வியர்வையில் நனைந்த உடையோடு மேலே காற்றில் போய் நிற்பதுதான் இங்கே செய்யக்கூடிய பெரிய தப்பு. மேலே ஏறி முடித்ததும், குளிர் தெரிவதற்கு முன்னாலேயே, திரும்ப எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ளுங்கள்.

சவுத் கிரேட்டரில் ஒரு முடிவு

ஏறிவந்ததும் முன்னால் மஞ்சள் மண் பரப்பு, வரைந்து வைத்தாற்போல் தட்டையாக. பெயரில் கிரேட்டர் என்று இருந்தாலும் இது எரிமலைவாய் இல்லை, முகடுகளுக்கு நடுவே மண்ணும் சாம்பலும் வந்து படிந்த பள்ளம். வலப்பக்கம் நௌருஹோயே கூம்பாக நிமிர்ந்து நிற்கும்.

திரும்புவதா தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் முகடு கண்ணுக்குத் தெரிகிறதா? காற்றில் கால் தடுமாறாமல் நிற்க முடிகிறதா? கூட்டத்திலேயே சோர்ந்துபோன ஆளுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் நடக்கத் தெம்பு இருக்கிறதா? ஒன்றுக்குப் பதில் ‘இல்லை’ என்றாலும் வந்த வழியே திரும்புங்கள். இதற்கு மேல் போய்விட்டால் திரும்புவதும் தொடர்வதும் ஒரே அளவு தொல்லை.

இங்கிருந்து நௌருஹோயே உச்சிக்கு ஏற ஆசை வரும். வேண்டாம். இந்தச் சிகரங்கள் நாட்டி டூஃபரெட்டோவா மக்களுக்குப் புனிதமானவை, மூதாதையர்களாகவே அவற்றைக் கருதுகிறார்கள். 1887இல் அவர்களுடைய தலைவர் நான்காம் டெ ஹெயுஹெயு டுகினோ இந்தச் சிகரங்களைத் தேசத்துக்கு அளித்ததிலிருந்துதான் நியூசிலாந்தின் முதல் தேசியப் பூங்கா பிறந்தது. சிகரத்தில் ஏற வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள், உச்சிக்கு வழிகாட்டிய பலகைகளும் எடுக்கப்பட்டுவிட்டன. யுனெஸ்கோ 1990இல் இயற்கைக்காக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்தப் பூங்காவை 1993இல் பண்பாட்டுக்காகவும் சேர்த்தது இதே உறவை மதித்துத்தான்.

ரெட் கிரேட்டர் முகடு

சவுத் கிரேட்டரைத் தாண்டியதும் குறுகலான பாறை முகடு, சுமார் ஒரு மணி நேரம். நாள் முழுக்கக் காற்று மிக வேகமாக அடிக்கும் இடம் இதுதான். போலை நீளம் குறைத்துப் பிடியுங்கள். பையில் தொங்கும் தண்ணீர் பாட்டில், பாய், தொப்பி எல்லாவற்றையும் உள்ளே தள்ளுங்கள். வேகமாக வீசினால் குனிந்து நில்லுங்கள், ஓய்ந்ததும் நகருங்கள். கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்க வேறு இடம் வரும்.

மேலே வலப்பக்கம் பள்ளம் திறக்கும். இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து துருப்பிடித்ததால் வந்த அடர்சிவப்பு. அதன் சுவரில் பிளந்த குழல் மாதிரி ஒன்று தெரியும். ஒரு காலத்தில் எரிமலைக்குழம்பு மேலேறிய வழி அது, பக்கவாட்டு இறுகி உள்ளே இருந்தது வடிந்துவிட்டது. கெட்டுப்போன முட்டை நாற்றம் வரும். தெளிவான நாளில் மேற்கே 2,518 மீட்டர் டாரனாகி மலை தனியாக மிதக்கும்.

சரளைச் சரிவில் இறங்குவது

இங்கேதான் பெரும்பாலோர் விழுகிறார்கள். ரெட் கிரேட்டரிலிருந்து எமரால்டு ஏரிகளுக்கு இறங்கும் சரிவு முழுக்கப் பொடிச்சரளையும் சாம்பலும். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை விறைத்து, பக்கவாட்டில் ஊர்ந்து இறங்குவார்கள். இரண்டு காலும் ஒன்றாகச் சறுக்கி உட்காரும் இடம் அதுதான்.

செய்ய வேண்டியது நேர்மாறு. முழங்காலை லேசாக மடக்குங்கள். உடம்பு கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். குதிகாலை முதலில், அழுத்தி ஊன்றுங்கள், சரளையில் அது நாலு விரல் ஆழம் புதையும், கூடவே கொஞ்சம் சறுக்கும். சறுக்கட்டும். அந்தச் சறுக்கல் நின்றபிறகு அடுத்த காலை வையுங்கள். அடி சின்னதாக இருக்க வேண்டும். கெட்டிப் பாறைமேல் தூவிக் கிடக்கும் சன்னச் சரளைதான் மோசம், சோளப்பொரி மேல் நடப்பது போல உருட்டிவிடும். ஆழமான சரளை உள்ள பக்கமாகக் கால் வையுங்கள். முன்னால் போகிறவர் நேர்கீழே இருந்தால் காத்திருங்கள், நீங்கள் தள்ளிவிடும் கல் அவர் குதிகாலில்தான் போய் விழும்.

கீழே வந்ததும் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துக் கொட்டுங்கள். கைப்பிடி சரளை விழும். அதோடு அப்படியே நடந்தால் அடுத்த பத்து கிலோமீட்டரில் கொப்புளம் நிச்சயம்.

ஏரிகள்

மூன்று எமரால்டு ஏரிகளின் பச்சைக்குக் காரணம், ரெட் கிரேட்டர் பக்கத்து வெப்பப் பகுதியிலிருந்து கரைந்து வரும் கனிமங்கள். பக்கத்தில் நிலத்திலிருந்து ஆவி கிளம்பும் இடங்களில் தரை சுடும், பாதையை விட்டு விலகாதீர்கள். மதியச் சாப்பாட்டை ஏரிக்கரையில் வேண்டாம், சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் ப்ளூ ஏரி ‘டாபு’, அதாவது தெய்வீக விலக்கு உள்ள இடம். அதன் கரையில் சாப்பிடுவதோ குடிப்பதோ மரியாதைக் குறைவு. எந்த ஏரித் தண்ணீரையும் தொடாதீர்கள்.

கடைசி மூன்று மணி நேரம்

ப்ளூ ஏரியைத் தாண்டியதும் ‘முடிந்துவிட்டது’ என்று தோன்றும். முடியவில்லை. இங்கிருந்து ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இறக்கம் பாக்கி. டௌபோ ஏரியும் ரோட்டோஐரா ஏரியும் எதிரே விரிந்திருக்க, பாதை முன்னும் பின்னுமாக வளைந்து வளைந்து போகும். கார் நிறுத்தம் கிட்டத்தில் இருப்பது போலவே ஒரு மணி நேரம் தெரிந்துகொண்டிருக்கும். போலை இப்போது நீளமாக்கி, ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஊன்றி, பாரத்தைத் தோளுக்கு மாற்றுங்கள். முழங்கால் வலி தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

வலப்பக்கம் சரிவில் ஆவி கக்கும் இடம் டெ மாரி. 2012 ஆகஸ்ட் 6 நள்ளிரவுக்குச் சற்றுமுன் அது வெடித்தபோது பறந்த பாறைகள் கேடெடாஹி குடிலின் கூரையைத் துளைத்தன. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. நவம்பர் 21 பட்டப்பகலில் மறுபடி வெடித்தபோது ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள், யாருக்கும் காயமில்லை. இந்தப் பகுதியில் ‘நிற்காதீர்கள்’ என்ற பலகை இருந்தால் அதைக் கேளுங்கள். பாதையின் முனைகளில் மின்னணு எச்சரிக்கைப் பலகையில் சிவப்பு எரிந்தால் திரும்பிவிடுங்கள். நடக்கும்போதே வெடித்தால் ஓடுவதற்கு முன் மேலே பாருங்கள், கல் விழும் திசையைப் பார்த்து மறைவு தேடுங்கள், பிறகு பள்ளத்தாக்கை விட்டு விலகி முகட்டு வழியாக அப்பால் போங்கள். வழியில் தெரியும் கேடெடாஹி வெந்நீர் ஊற்றுகள் தனியார் நிலத்தில் உள்ளவை, அனுமதி கிடையாது.

கடைசி அரை மணி நேரம் காட்டுக்குள். நாள் முழுக்க மரமே பார்க்காத கண்ணுக்கு அந்த நிழல் பெரிய ஆறுதல். ஆனால் இங்கும் ஓர் ஓடையை ஒட்டி, மழைக்குப் பிறகு சேறும் பாறையும் பாய்ந்து வரக்கூடிய இடம் இருக்கிறது. பலகை சொல்லும் தூரம் வரை உட்காராமல் கடந்துவிடுங்கள்.

வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகப் பூட்ஸைக் கழற்றிச் செருப்புக்கு மாறுங்கள், அதைக் காலையிலேயே காரில் போட்டு வைத்திருக்க வேண்டும். தொடை வலி அன்று இரவு தெரியாது, மறுநாள்தான் தெரியும். அறை மாடியில் என்றால் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிப் பாருங்கள், வலி பாதிதான். அந்த விடுதியில் அப்படி இறங்குகிறவர் நீங்கள் ஒருவராக இருக்க மாட்டீர்கள்.